ஒன்றைக் கழித்த அறை

இரவு பத்தரை மணி இருக்கும். மேட்சல் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் குடோன் சாலை. கம்பங்கள் உண்டு, விளக்குகள் கிடையாது. இரண்டு பக்கமும் தகரக் கூரைகள், முள்புதர்கள். ஒரே ஒரு பைக் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது...

இப்படித்தான் மனோஜ் ஆரம்பித்தான். செகந்திராபாத் சைனிக்புரியில் எங்கள் அபார்ட்மெண்டில் டிரான்ஸ்பார்மர் வெடித்த ராத்திரி அது. மொட்டை மாடியில் பாய் விரித்து எல்லோரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். மனோஜும் அவன் மனைவி ஷர்மிளாவும் முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள்.

"என் ஃப்ரெண்டோட சகலைக்கு நடந்தது. சத்தியமா!" என்றான்.

"சகலை பேரு என்ன, தம்பி?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் தெரியாது ஆன்ட்டி. ஃப்ரீசர் ரூம்ல பேய் அடிச்சு செத்துட்டாரு. கழுத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சாம்."

பக்கத்து வீட்டு ஆக்னஸ் இருட்டில் அவன் தொடையைக் கிள்ளியிருக்க வேண்டும். "ஸ்ஸ்..." என்றான்.

"விரலெல்லாம் ஒண்ணும் இல்ல. கழுத்தைத் துடைச்சவ நான்தான். அவர் பேரு சுதர்சன், என் வீட்டுக்காரர். தள்ளி உட்காரு, நான் சொல்றேன்," என்றேன்.

அவன் சொன்னதில் அந்தச் சாலை மட்டும்தான் சரி. மற்றதை அன்று மாடியில் சொன்னபடியே எழுதுகிறேன்.

என் கணவர் வேலை பார்த்தது ஸ்ரீகாந்த் என்பவரின் கம்பெனியில். குடோன், பால் பண்ணை, ஆஸ்பத்திரி என்று யார் வந்து கேட்டாலும் அவர்கள் இடத்துக்குத் தகுந்தபடி சின்னச் சின்னக் கருவிகளைப் பொருத்தி இணையத்தில் கோத்துக் கொடுப்பார்கள். சூடு எவ்வளவு, கதவு திறந்திருக்கிறதா, உள்ளே ஆள் இருக்கிறாரா... எல்லாம் முதலாளியின் செல்போனுக்கு வந்துவிடும். "நாங்க ரெடிமேட் விக்கறதில்ல, அளவெடுத்துத் தைக்கறோம்" என்பார் ஸ்ரீகாந்த். மேடை கிடைத்தால் போதும், இதைச் சொல்லாமல் இறங்கமாட்டார். அளவெடுக்கப் போனவர், தைத்தவர், தையல் பிரிந்தபோது நடுராத்திரியில் ஓடியவர் எல்லாம் என் கணவர். மேடை மட்டும் ஸ்ரீகாந்துக்கு.

அந்தக் குடோன் ஒரு குளிர்பதனக் கிடங்கு. முதல் மூன்று அறைகளில் புளி, மிளகாய், திராட்சை. நாலாவது அறை மீனுக்கும் பட்டாணிக்கும். மூச்சு மீசையிலேயே உறைகிற குளிர். வளாகத்துக்குள் காலெடுத்து வைத்ததுமே அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும், அதற்கு அடியில் புளிவாசம் இருக்கும். அவர் சட்டையிலும் அந்த வாசம் வரும்.

நாலாவது அறைக் கதவை உள்ளிருந்து திறப்பதற்கு ஒரு பிடி இருந்தது. அது உடைந்து பல மாதங்கள் ஆகியும், பிடியை மாற்றக் கிடங்கு முதலாளி சேட்டுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு ஸிஸ்டம் வாங்கினார். கதவுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி, வெளியே எண் காட்டும் ஒரு பலகை. பெட்டி உள்ளே போகிறவர்களை எண்ணும், வெளியே வருகிறவர்களைக் கழிக்கும். உள்ளே ஆள் இருக்கும்வரை சிவப்பு விளக்கு, கதவு பூட்டிக்கொள்ளாது. பூஜ்யம் ஆனால் பச்சை, கதவு தானே பூட்டிக்கொள்ளும். பிடி உடைந்த கதவுக்கு இப்படி ஒரு வைத்தியம்! இதை ஒரு விழாவில் பாராட்டிப் பரிசு வேறு கொடுத்தார்கள்.

முதல் மூன்று அறைகளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாலாவதில்... சாயங்காலம் கடைசி ஆள் வெளியே வந்த பிறகும் பலகையில் 'ஒன்று' என்று காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். பெட்டியை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள். காலையில் பூஜ்யமாக்கி வைத்தாலும் சாயங்காலம் மறுபடியும் ஒன்று. கதவு பூட்டாது, குளிர் வெளியேறும், கரண்டு பில் ஏறும் என்று சேட் கத்தினார்.

மூட்டை தூக்குகிறவர்கள் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். "நாலாம் நம்பர் மாமா இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவப் போவார்களாம். ஆனால் இருட்டிய பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஸ்ரீகாந்த் கண்டுபிடித்த தீர்வை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் கையால் போட்ட காபியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார்.

"சிம்பிள் சுதர். நாலாவது ரூமுக்கு மட்டும் எப்பவும் ஒண்ணைக் கழிச்சிடு. அந்த ரூமோட தனி அளவு அது. இதுக்குத்தானே நம்மகிட்ட வர்றாங்க?"

"உள்ள நிஜமாவே ஒரு ஆள் மாட்டிக்கிட்டா?"

"அப்போ ரெண்டு வரும். ஒண்ணு போனா மிச்சம் ஒண்ணு. சிவப்பு எரியும். கணக்கு சரியா வருதா இல்லையா?"

என் கணவர் விரலால் மேஜையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். "சரி. ஆனா, ஒரு நாள் அது வெளிய போயிட்டா?"

"எது?"

"நாம கழிக்கிறோமே, அது."

ஸ்ரீகாந்த் சிரித்த சிரிப்பில் புரைக்கேறி, காபி சட்டையில் சிந்தியது. "விஜி மேடம், உங்க வீட்டுக்காரருக்குப் பேய் பயம் வந்துடுச்சு. வேப்பிலை அடிங்க!"

பேய் இல்லை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். உண்டு என்பவர்களையும் தெரியும். இல்லை என்று சிரித்துக்கொண்டே, அது எந்நாளும் இடத்தைவிட்டு நகராது என்று நம்பி ஒரு கதவின் பூட்டை அதன் கையில் கொடுத்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

கழித்தார்கள். பச்சை எரிந்தது. சேட்டும் சந்தோஷப்பட்டார்.

என் கணவருக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாகவே இருந்தது. ஒரு நாள், மறுநாள் காலையில் பெரிய கம்பெனிக்காரர்கள் கிடங்கைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் தானே உள்ளே போய்ச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். பகலில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள், கணக்குக் குழம்பும். அதனால் ராத்திரி போனார். அதுதான் மனோஜ் சொன்ன அந்த பைக்.

நடந்ததைப் பார்த்தவர் சலீம் ஒருவர்தான். இரவுக் காவல் அவருடையது. அவர் தாத்தா ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்காக ஆம்பூரிலிருந்து செகந்திராபாத் வந்தவர். தமிழும் தக்கனி உருதுவும் கலந்துதான் பேசுவார்.

"நக்கோ சார், வேணாம்," என்றாராம். "கைக்கு சார், எதுக்கு இந்த நேரத்துல? காலைல பாத்துக்கலாம்."

"ரெண்டு நிமிஷம் சலீம் பாய். நான் உள்ள போனதும் பலகைல ஒண்ணு வரணும். நான் வெளிய வந்ததும் பூஜ்யம் ஆகணும். பார்த்து மட்டும் சொல்லுங்க."

குளிருக்குப் போடுகிற கனத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ரப்பர் விளிம்பு உறிஞ்சுகிற சத்தத்தோடு கதவு சாய்ந்தது. பலகையில் ஒன்று வந்தது. சிவப்பு.

"சரியா இருக்கு சார்!" என்று சலீம் கத்தினார். பதில் இல்லை.

குளிரூட்டும் மெஷின் சத்தம் சட்டென்று நின்றதாம். மெஷின் எப்போதாவது நிற்பது சகஜம்தான். ஆனால் அந்த நிசப்தத்தில் உள்ளே யாரோ பேசுவது கேட்டது. என் கணவரின் குரல்தான். அதட்டவில்லை, பயப்படவுமில்லை. ரயிலில் பக்கத்து ஸீட்டுக்காரரிடம் 'எதுவரைக்கும் போறீங்க' என்று விசாரிப்போமே... அந்த மாதிரி.

பிறகு கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். நீலச் சட்டை. ஜாக்கெட் இல்லை.

"ஆயிடுச்சா சார்?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைச் சலீம் பார்க்கவில்லை, தோளையும் பிடரியையும்தான் பார்த்தார். பைக்கைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, இருட்டில் நடந்து போனார். மெயின் ரோட்டில் டீ குடிக்கப் போகிறார் போலிருக்கிறது என்று சலீம் நினைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் பலகை பூஜ்யம் ஆனது. பச்சை. 'டக்' என்று கதவு பூட்டிக்கொண்டது.

ஷர்மிளா மனோஜின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஆன்ட்டி, வேணாம்... போதும்," என்றாள். எந்தக் கதையிலும் இந்த இடம் வந்ததும் போதும் என்பார்கள். கழுத்தில் விரல் பதிந்தது என்றபோது மட்டும் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் நான் விழித்தே இருந்தேன். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு லேசாக வெளுக்கத் தொடங்கியபோது கதவு தட்டும் சத்தம். மெதுவாக, விரல் முட்டியால். மேட்சலிலிருந்து நடந்தே வந்தால் அந்த நேரம்தான் ஆகும்.

எழுந்து கதவருகே போவதற்குள் போன் அடித்தது. சலீம்.

"மேடம்... சார் உள்ள இருக்கார் மேடம். பைக் இங்கயே நிக்குதேன்னு இப்பக் கதவைத் திறந்தா... உள்ளயே இருக்கார். நான் பாத்தேன் மேடம், அல்லா மேல ஆணையா அவர் வெளிய வந்ததை நான் பாத்தேன்..."

கதவு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவசரமில்லாமல்.

மாடியில் ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். மனோஜ்தான் கேட்டான். "திறந்தீங்களா ஆன்ட்டி?"

"திறந்தேன்," என்றேன்.

சட்டை அவருடையது. உயரம் அவருடையது. வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவரில்லை என்று எனக்குத் தெரியும். பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? ஆனால் அவரைப் போல ஒருவர் வந்து வாசலில் நிற்கும்போது, அந்தக் கதவைச் சாத்த எனக்குக் கை வரவில்லை. நகர்ந்து வழி விட்டேன். அது நேராக உள்ளறைக்குப் போய்விட்டது. நான் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு அவருடைய உடலை வாங்கப் போனேன்.

ஜாக்கெட்டோடுதான் இருந்தார். கதவிலிருந்து வெகு தூரம் உள்ளே, மீன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாராம். கதவைத் தட்டிப் பார்த்த அடையாளம்கூடக் கையில் இல்லை. தரை முழுக்க வெள்ளையாகப் பனி பூத்திருக்க, அவருக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை கறுப்பாக, ஈரமில்லாமல் இருந்தது. அதை போலீஸ்காரர் போட்டோ எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஸ்ரீகாந்த் வந்தார். கையில் மாலை இல்லை, லேப்டாப் இருந்தது.

"மேடம், இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல." ஆனால் நன்றாகத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார். "பேப்பர்ல எங்க ஸிஸ்டம் ஃபெயில்னு எழுதறாங்க. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது மேடம். நீங்களே பாருங்க. உள்ள போனது ஒருத்தர். வெளிய வந்தது ஒருத்தர். டேட்டாப்படி சுதர் வெளிய வந்துட்டார். அப்புறம் அவரா எப்படியோ திரும்ப உள்ள போயிருக்கார். அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"உள்ள எப்படிப் போனார்? கதவு பூட்டியிருந்ததே."

"அது... சலீமைத்தான் விசாரிக்கணும். டேட்டா பொய் சொல்லாது மேடம்."

அவர் திரையைக் காட்டினார். பச்சை நிறத்தில் ஒரு கோடு, அழகாக, எங்கும் பிசகாமல் ஓடியது. செத்தவன் உயிரோடு நடந்து போனான் என்று அவன் மனைவியிடமே கோடு போட்டு நிரூபிக்க வந்த மனுஷன், நெற்றியில் திருநீறு வேறு வைத்திருந்தார்.

"நீங்க சொல்றது சரிதான்," என்றேன். "வெளிய வந்துட்டார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "புரிஞ்சுக்கிட்டீங்களே! அதை மட்டும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா..."

"காபி சாப்பிடுங்க முதல்ல."

அடுப்படிக்குப் போய் மூன்று டம்ளரில் காபி ஊற்றினேன். ஆவி பறந்தது. ஒன்றை அவர் முன்னால் வைத்தேன், ஒன்றை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவதை எடுத்துக்கொண்டு உள்ளறைக் கதவைத் தள்ளினேன்.

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா மேடம்?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

உள்ளே கொஞ்ச நேரம் நின்றேன். ஸ்ரீகாந்த் தன் காபியில் இரண்டு வாய் குடித்திருப்பார், அவ்வளவுதான். பிறகு வெளியே வந்து, கதவைச் சாத்தி, நிறைந்தபடியே, விளிம்பில் பனி பூத்திருந்த அந்த டம்ளரை அவர் லேப்டாப்புக்கு மேலே நீட்டினேன். "மேடம், மேடம்... சிந்திடப் போகுது!" என்று பதறினார்.

தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.