வெள்ளியில் பதிந்த நூல்தடம்

மேடையில் அமர்ந்திருக்கும் நாணயவியல் சங்கத் தலைவர் அவர்களே, சேகரிப்பாளர்களே, வியாபாரிகளே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அத்தான் அவர்களே, என் சக பரிசோதகர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நம் சங்கத்தின் தலைமைப் பரிசோதகர், நாமெல்லாம் லென்ஸக்கா என்று அழைத்த அந்த அம்மையார், பத்தே நாள் நோயில் நம்மை விட்டுப் போய்விட்டார். ஆனால் அழுவதற்காக நான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கவில்லை. அக்கா ஜெயித்த கதையைச் சொல்ல நிற்கிறேன். யாரை ஜெயித்தார்? என்னைத்தான்!

அக்கா நம்மிடம் வருவதற்கு முன் உலோகப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவர். தேய்த்த உலோகம் எப்படி மின்னும், சுட்ட உலோகம் எப்படிக் கறுக்கும், பூச்சு எங்கே பல்லிளிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அத்தான் முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது, அவர் போட்டிருந்த மோதிரத்தைப் பார்த்து, "இது முலாம்தானே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவர்! அத்தான் அசரவில்லை. "மோதிரம்தாங்க முலாம், மாப்பிள்ளை அசல்" என்றாராம். சிரியுங்கள் அத்தான், நீங்கள் சிரித்தால் அவருக்கும் பிடிக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். அப்போது ஒரு தையல்காரம்மா அரிய வெள்ளி நாணயம் ஒன்றைக் கொண்டுவந்தார். நாற்பது வருடத்துக்கு முன்னால் மாமனார் வைத்துவிட்டுப் போனது. பழைய வெள்ளி காற்றுப்பட்டு நிறம் மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதிலோ மயில் கழுத்துபோல நீலமும் ஊதாவும்! வெள்ளியைச் சூடாக்கியும் ரசாயனம் பூசியும் இப்படி நிறமேற்றி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அதே வகை நாணயத்தை ஏலத்துக்கு வைத்திருந்த ஒரு வியாபாரி, பளபளா என்று நாம் பட்டப்பெயர் வைத்தவர், என் காதருகே வந்து சொன்னார்: "சார், பார்த்தாலே தெரியலையா? சுட்டு எடுத்த கலரு."

நான் என்ன செய்தேன்? கூரை விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் பார்த்தேன். "செயற்கை நிறம், மோசடி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தே நிமிடம்!

சேதி தெருவெல்லாம் பரவியது. அந்த அம்மாவின் கடையில் தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பி வாங்கிப் போனார்கள். நம் சங்கத்தின் மோசடிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டிய நாள் வந்தது. அதற்கான விசாரணை இதே மண்டபத்தில்தான் நடந்தது. விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பிய அக்கா, அந்த அம்மாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, இந்தக் காசு இவ்வளவு நாள் எதுல இருந்துச்சு?"

"ஒரு துணிப்பையில இருந்துச்சுங்க. கொண்டு வர்றப்போ நல்லா இருக்கட்டுமேன்னு புது டப்பால போட்டேன்."

"அந்தப் பை இருக்கா?"

"தூக்கிப் போட மனசு வரல. மெஷின் டிராயர்லதான் கிடக்கு."

பை வந்தது. அக்கா விளக்கைச் சாய்த்து, நாணயத்தை லென்ஸின் கீழ் வைத்து என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். அந்த நீலத்துக்குள், குறுக்கும் நெடுக்குமாக, மெல்லிய நூல்தடம்! பையின் நெசவு அப்படியே வெள்ளியில் பதிந்திருந்தது. நூலின் இடைவெளியையும் அளந்து பார்த்தோம், இம்மியும் பிசகவில்லை. நாற்பது வருடம் துணிக்குள் கிடந்த வெள்ளிக்குத்தான் அந்தத் தடம் வரும். எந்த ஏமாற்றுக்காரனால் அதை ஒரு மதியத்தில் செய்ய முடியும்?

அக்கா அதோடு விட்டாரா? நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து அந்த நாணயத்தின் மேல் ஒற்றினார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பிறகு பளபளாவின் பக்கம் திரும்பி, "உங்க காசையும் குடுங்களேன்" என்றார்.

"என்னோடதை ஏன் தொடணும்? பிராது அவங்க மேலதானே?"

"தானா வந்த நிறத்தை இது ஒண்ணும் பண்ணாதுங்க. பயமா இருந்தா வேண்டாம்."

மண்டபமே "வைங்க, வைங்க!" என்று கத்தியது. வேறு வழியில்லாமல் கொடுத்தார். அக்கா ஒற்றினார். பஞ்சு நீலமானது! நிறப்பூச்சு கரைந்த இடத்தில், அது மறைத்து வைத்திருந்த கம்பித் தூரிகைக் கீறல்கள் வரிவரியாக எழுந்து நின்றன. அன்றைக்கு எழுந்த கைதட்டல் இருக்கிறதே, இந்த மண்டபம் அதற்குப் பிறகு அப்படியொன்றைக் கேட்டதில்லை! பளபளா எந்தக் கதவு வழியாகப் போனார் என்றுகூட யாரும் கவனிக்கவில்லை.

நான் தலைகுனிந்து நின்றேன். அக்கா என்னைத் திட்டவில்லை. பதிவேட்டை என் முன் நகர்த்தினார். "தம்பி, தப்பா எழுதின பக்கத்தைக் கிழிக்காதீங்க. அதுக்குக் கீழயே சரியா எழுதுங்க. எழுதினதை அந்தம்மா காதுல விழற மாதிரி படிங்க." படித்தேன். படித்து முடித்தபோது, தையல்காரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தோற்றவனுக்கு இப்படி ஒரு நிம்மதி கிடைக்குமா? எனக்குக் கிடைத்தது!

அந்த அம்மா இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருக்கு இப்போது இரண்டு கடைகள். ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறார்.

நண்பர்களே, அக்காவின் பெயரால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி நம் சங்கத்தில் எந்த நாணயத்தையும் ஒரே ஒருவர் பார்த்துப் போலி என்று எழுத முடியாது. மூன்று பேர் பார்ப்போம். நாணயத்தைக் கொண்டுவந்தவர் எதிரே அல்ல, நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கேட்காமல் பேனாவைத் திறக்க மாட்டோம்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பரிசோதனை அறை வழக்கம்போலத் திறக்கும். ஏழு நாணயங்கள் வரிசையில் இருக்கின்றன. அக்காவிடம் தொழில் கற்ற மூன்று பேர் அந்த மேஜையில் இருப்போம். வாருங்கள், கூடவே உட்காருங்கள், எங்களையும் சோதித்துப் பாருங்கள்!