பத்தாயிரம் சட்டையும் பதினொரு நோட்டுப் புத்தகமும்

தலைமை வகிக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் ஜானகிராமன் அவர்களே, மறைந்த அப்பாசாமியின் துணைவியார் செங்கம்மாள் அவர்களே, ரயில்வே நண்பர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் பெருமக்களே, உங்கள் முன் நூர்முகமது பேசுகிறேன்.

நம் ஜங்ஷனில் இருபத்தாறு வருஷம் டிக்கெட் கொடுத்தவர் புக்கிங் கிளார்க் அப்பாசாமி. ஒருவருக்காவது சில்லறை இல்லை என்று சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இன்று அவருடைய இன்னொரு வேலையைப் பற்றித்தான் பேச வந்தேன். அதில் என் தவறும் இருக்கிறது.

ரயிலில் யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் நாவல் ஒன்று, கேட்பாரில்லாமல் ஏலத்துக்கு வந்தது. அட்டை இல்லை. முன்னுரையின் கீழே வருஷம் மட்டும் இருந்தது. விக்டோரியா ராணி காலத்துக் கதை. மூன்று வாலிபர்கள் கடை வைத்துத் திண்டாடுவதைக் கேலி செய்து எழுதியது. அப்பாசாமி அதை ஏலத்தில் எடுத்து, தமிழில் எழுதி, செவ்வாய்தோறும் சாயங்காலம் நம் சங்க அறையில் வாசித்தார்.

அப்போது நானும், இதோ தலைவர் ஜானகிராமனும், முன்வரிசையில் இருக்கும் காஜா மொய்தீனும் கூட்டாக ரெடிமேட் கடை வைத்திருந்தோம். அறுபத்தொன்றாம் வருஷ மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் மாட்டு வண்டி கட்டி, மைக் வைத்து, ‘பத்தாயிரம் சட்டை வந்துவிட்டது’ என்று முழங்கினோம். கடையில் இருந்தது இருநூறு. மறுநாள் ஜனம் பஸ் பிடித்து வந்து நின்றது. கடலோரத்துச் சின்னையன் தன் பிள்ளையைக் கையில் பிடித்தபடி கேட்டார்: “பத்தாயிரம் வேணாம் அண்ணாத்த. இவன் அளவுக்கு ஒண்ணு கீதா?”

இல்லை.

அடுத்த செவ்வாய் அப்பாசாமி வாசித்த அத்தியாயத்தில் என்ன வந்தது தெரியுமா? கப்பலில் பத்தாயிரம் கையுறை வந்துவிட்டதாக அந்த வாலிபர்கள் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். கடையில் இருப்பது நாலு டஜன். அறையே எங்கள் மூவரையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் எழுந்துவிட்டேன். எங்கள் கடையை இழுத்துக் கதை கட்டுகிறாயா என்று சத்தம் போட்டேன். அவர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

“வருஷத்தப் பாரு பாய். நூறு வருஷம் ஆவுது. நான் உங்களப் பாத்து எழுதல. நீங்கதான் இதப் படிக்காமயே பண்ணிகினு கீறீங்க.”

மறுநாள் கடை வாசலில் ஒரு சிலேட்டு மாட்டினேன். எந்த அளவில் எத்தனை சட்டை இருக்கிறது என்று எழுதினேன். ஒன்று விற்றால் அழித்துத் திருத்தினேன். “இன்னா மச்சான், கடையா இது, பள்ளிக்கூடமா?” என்றவர் இதே ஜானகிராமன்தான். கதையில் அந்த வாலிபர்களின் கடை மூடிவிட்டது. எங்கள் கடை மூடவில்லை. அந்தச் சிலேட்டு இன்றும் தொங்குகிறது.

இனி வெட்கப்பட வேண்டிய விஷயம். எழுபத்தொன்றில் அப்பாசாமி பதினொரு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து, சங்கம் இதை அச்சிட வேண்டும் என்று கேட்டார். வியாபாரிகளைக் கிண்டல் செய்யும் புத்தகத்தை வியாபாரிகள் சங்கமே போடுவதா என்று தீர்மானத்தைத் தள்ளினோம். எதிர்த்து முதலில் உயர்ந்த கை யாருடையது? இந்தக் கைதான். அறைக்குள் சிரித்தது போதாதா, ஜில்லா முழுக்கச் சிரிக்க வேண்டுமா என்று நினைத்தேன். அவர் நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு அன்று மாலை டியூட்டிக்குப் போனார். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவர் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இனி யாரைக் கூப்பிட?

நேற்று செங்கம்மாளிடம் அந்தப் பதினொன்றையும் கேட்டேன். “அன்னிக்கு வேணாமின்னீங்களே பாய்?” என்றார். பிறகு அவரே எடுத்துவந்து கொடுத்தார்.

நண்பர்களே, அந்த நாவலை நான் அச்சிடுகிறேன். சங்கத் தீர்மானம் வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் கடை விளம்பரம் போட்டால் செலவு கட்டுப்படியாகும் என்று காஜா மொய்தீன் காலையிலேயே யோசனை சொன்னார். அந்தப் புத்தகத்திலா! ஒரு விளம்பரமும் கிடையாது, எங்கள் கடைப் பெயர் உட்பட. பத்தாயிரம் பிரதி என்று புளுகவும் மாட்டேன். புத்தகம் வரும் அன்று எங்கள் கடை வாசல் சிலேட்டில், சட்டைக் கணக்குக்கு மேலே எழுதுவேன்: அப்பாசாமி தமிழாக்கிய நாவல், ஐந்நூறு பிரதி. முதல் பிரதியை செங்கம்மாள் கையில் கொடுத்துவிட்டு, சிலேட்டில் ஐந்நூறை அழித்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று திருத்துவேன்.