தவறுதலாக அழுத்தியவர்

— …இல்லம்மா, ஒண்ணும் ஆகல. போன் மேல உட்கார்ந்துட்டேன். பக்கவாட்டுப் பட்டன் தானா அமுங்கி உங்களுக்கு வந்துடுச்சு. யாரையும் அனுப்பிடாதீங்க. நாலாவது மாடி, லிஃப்ட் வேற ரிப்பேர். பாவம், எதுக்கு ஏறி வரணும்…

— பரவாயில்ல சார். அவசர உதவிக்கு வர்ற போன்ல பாதி இப்படித்தான். ஆனா அஞ்சு தடவை அமுக்கினாத்தானே வரும்? அஞ்சு தடவையா உட்கார்ந்தீங்க?

— …சோஃபா குஷன். கொஞ்சம் துள்ளும்.

— சரிதான். புதுச் சட்டம் வந்ததுல இருந்து எங்க பாடு இதுதான் சார். போன் பூட்டியிருந்தாலும், சிம் இல்லேன்னாலும் பட்டனை அமுக்கினா எங்களுக்கு வரணுமாம். காலைல இருந்து எத்தனை சாவிக்கொத்து என்கூடப் பேசிடுச்சு தெரியுமா? ஒரு பாக்கெட்டுக்குள்ள யாரோ பாடிக்கிட்டே மாடி ஏறினாரு. நல்ல குரல். கட் பண்ணவே மனசு வரல.

— அந்த மகானுபாவன் நான்தான்.

— பாடினவரா?

— சட்டம் எழுதினவன். வரைவுப் பிரிவுல இருக்கேன். பட்டன், சிம்… எல்லாம் என் கைவரிசை.

— ஐயோ, சார்! சாப்பாட்டு நேரத்துல தினமும் உங்களைப் பத்தித்தான் பேசுவோம்.

— நல்லவிதமாவா?

— …சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம் சார்.

— திட்டுங்கம்மா, தகும். அவசரம்னா என்னன்னு அந்தச் சட்டத்துல எங்கயாவது இருக்கா?

— தேடினோம். கிடைக்கல.

— கிடைக்காது. வாரக்கணக்கா சண்டை. ரத்தம் வந்தாத்தான் அவசரம்னு ஒருத்தர், வராட்டித்தான் அவசரம்னு இன்னொருத்தர். கடைசில டீ ஆறிப்போச்சு. விளக்கமே வேண்டாம்னு எழுந்துட்டோம்.

— அபராதத்தை மட்டும் மறக்கல.

— அதை மட்டும் அழகா எழுதினேன். அவசரம் இல்லாம கூப்பிட்டா அபராதம். தவறுதலா அழுத்தினவருக்கு மட்டும் விலக்கு.

— நீங்க தவறுதலா அழுத்தினவர்.

— நூத்துக்கு நூறு.

— அப்ப சில கேள்வி கேட்டுட்டு விட்டுடறேன். தவறுதலா வந்தவங்ககிட்ட கேட்டே ஆகணும்.

— அப்படி நான் எழுதலையே…

— அது விதிகள்ல இருக்கு சார். சட்டம்தான் உங்களுது. வீட்ல வேற யாரு?

— யாருமில்ல. வீட்டுக்காரி பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. நானும் ஃபேனும்.

— எங்க உட்கார்ந்திருக்கீங்க?

— ஹால்ல… தரைல. சில்லுனு இருக்கு.

— தரையா? குஷன் துள்ளும்னீங்க?

— …துள்ளித்தான் இங்க வந்தேன்.

— மூச்சு வாங்குதே சார்.

— தொப்பைம்மா. அதைக் குறைக்கவும் ஒரு சட்டம் போடணும்.

— வேர்க்குதா?

— ஃபேன் பழசு.

— இடது கை?

— இருக்கு. கொஞ்சம்… மரத்துப் போயிருக்கு. அது மேலதான் சாஞ்சிருந்தேன். மதியம் கொஞ்சம் ஓவராச் சாப்பிட்டுட்டேன். வெறும் வாயு. வாயுவுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டா என்ன ஆகும்? "சட்டம் எழுதியவர் சட்டத்தில் சிக்கினார்"னு பேப்பர்ல வரும். எங்க ஆபீஸ்ல அதை வெட்டி ஒட்டி வெப்பாங்க. நானா இருந்தா ஒட்டுவேன்.

— நீங்கதான் யாரையும் கூப்பிடவே இல்லையே சார். சும்மா உட்கார்ந்தீங்க, அவ்வளவுதானே.

— அதான்… அதேதான்.

— சிவப்புப் பட்டன் உங்க கைலதான் இருக்கு. எப்ப வேணும்னாலும் கட் பண்ணலாம்.

— தெரியும்.

— பண்ணலையா?

— …நீங்க பேசுங்க. அந்தப் பாடினவர்… மாடி ஏறி எங்க போனாரு?

— ஒரு கதவைத் தட்டினாரு. யாரோ திறந்து, "இவ்வளவு நேரமா?"ன்னு கேட்டாங்க. அதோட கட் ஆயிடுச்சு.

— நல்லா… இருக்கும்மா.

— சார். கண்ணை மூடாதீங்க. சார்! பேசிக்கிட்டே இருங்க.

— இருங்க… படியில காலடிச் சத்தம். நிறையப் பேர்… அனுப்பாதீங்கன்னு சொன்னேனே!

— போன் உங்க இடத்தைச் சொல்லிடும் சார். எத்தனாவது மாடின்னு மட்டும் சொல்லாது. அது எங்களுக்கும் தெரியும், எழுதின உங்களுக்கும் தெரியும். தெரியாம அமுக்கினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் மாடியையும் லிஃப்டையும் சொன்னதில்ல. நீங்க சொன்ன உடனேயே வண்டி கிளம்பிடுச்சு. கேள்வி கேட்கணும்கற விதி… அது நானாப் போட்டது. எழுந்திருக்காதீங்க. கதவை அவங்களே உடைச்சுக்குவாங்க.

— உடைக்க வேண்டாம்னு… சொல்லுங்கம்மா. பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே தாழ்ப்பாளைத் திறந்து வெச்சுட்டேன்.