பாதை காலி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை ஐயா, குடித்துக்கொள்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணுக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். என் தங்கை மகள். என்னை விட்டால் இப்போது அவளுக்கு வேறு நாதியில்லை.

மலையின் இந்தப் பக்கம் ஒரு காடு, அந்தப் பக்கம் ஒரு காடு. நடுவில் யானைகள் நடக்கிற பாதை. அதைக் காப்பதுதான் என் வேலை. பாதையில் குடியிருந்தவர்களை எல்லாம் பேசிப் பேசியே கீழே அனுப்பினேன். மிச்சம் ஒரே வீடு, புருஷனை இழந்த என் தங்கையுடையது. ஊருக்குத்தான் உபதேசம் என்று என் காதுபடவே சிரித்தார்கள். அவளிடம் கெஞ்சியும் பார்த்தேன்.

"அவரு கட்டின வீடுண்ணே. யானை வேணும்னா சுத்திப் போகட்டும்" என்றாள்.

யானை ஏன் சுற்றிப் போக வேண்டும்?

மலையில் பனி இறங்கினால் எதிரில் நிற்கும் மரம்கூடத் தெரியாது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைமை யானையின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டியிருக்கிறோம்; அது நிற்குமிடம் ஆபீஸ் திரையில் புள்ளியாகத் தெரியும். மலையில் குடியிருப்பவர்கள் வாசல் இறங்குமுன் போனில் கேட்பார்கள். பார்த்துச் சொல்வோம். அந்தச் சொல்லை நம்பித்தான் காலை வெளியே வைப்பார்கள்.

அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உப்புக்கட்டி வைத்தேன். யானைக்கு உப்பென்றால் உயிர். அந்தத் தலைமை யானை குட்டியோடு வந்து பழகிவிட்டது. பயந்தாவது கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. அண்ணன் பார்த்துச் சொல்வான் என்ற தைரியம்.

அன்று காலை நல்ல பனி. போன் செய்தாள்.

"அண்ணே, பாதை காலியா? தண்ணி எடுக்கணும்."

புள்ளி தொட்டியருகே இருந்தது.

"காலியாத்தான் இருக்கு. போம்மா."

அவள் போனை அணைக்காமலே நடந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் நான்தான் வைத்தேன், வேறு வேலை இருந்தது.

மனசாட்சி உறுத்தி இங்கே வந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஆளைக் கொன்ற யானையாம், பிடித்து அடைக்கப் போகிறார்களாம். அது வாயில்லா ஜீவன், குட்டி பக்கத்தில் இருந்ததால் மிரண்டது. கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் குட்டி இன்னும் பால்கூட மறக்கவில்லை ஐயா. பெற்றவளையும் பிள்ளையையும் பிரிக்க எவனுக்குத்தான் மனசு வரும்?