விற்றுப்போன படங்கள்

திறந்தவெளியில் ஓவியம் விற்பவர்கள் படத்துக்குக் கண்ணாடி போடக் கூடாது. வெயிலில் கண்ணாடி பார்ப்பவரின் முகத்தைத்தான் காட்டும். நாங்கள் இதை முதல் வருடமே கற்றுக்கொண்டோம்.

டாக்டர், அக்காவுக்கு இது எப்போது தொடங்கியது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எதிரில் உட்கார்ந்து பேச எனக்கு வராது, எழுத வரும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் அங்கே என் வேலை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போனபோது எனக்குப் பதினொன்று, அக்காவுக்கு இருபது. அவள் ஓர் அச்சகத்தில் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தாள். விடுமுறை நாளில் வரைவாள். துணிக்கொடிகளை மட்டும்தான் வரைவாள். ஈரத் துணி, பாதி காய்ந்த துணி, காற்றில் ஒரு கையை மட்டும் தூக்கிய சட்டை. ஆட்களே இருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வீட்டில் எத்தனை பேர், அதில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை ஏரிக்கரைப் பூங்காவில் ஓவியச் சந்தை நடக்கும். இரண்டு நாள். எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம் மண் ஜாடி செய்பவருடையது.

“இதை வாங்கி மாட்டினா என் வீட்டுக்காரி என்னைத் துவைக்க விட்டுடுவாம்மா,” என்பார்.

“துவைச்சுக் காயவும் போட்டாச்சுண்ணே. நீங்க மடிச்சு வெச்சாப் போதும்,” என்பாள் அக்கா.

இப்படிப் பேசுகிறவள், யாராவது படத்தின் முன்னால் வந்து நின்றுவிட்டால் அங்கே இருக்க மாட்டாள். “அவங்க பாக்கறதை என்னால பாக்க முடியாதுடி. நீ பாத்துக்கோ,” என்று ஏரியைச் சுற்றப் போய்விடுவாள். திரும்பி வர நான்கு மணியாகும். அதுவரை கூடாரம் என் பொறுப்பு.

சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விற்ற படத்தை உடனே கழற்றித் தருவதில்லை. தந்தால் கூடாரம் களையிழந்து போகும். படத்துக்குக் கீழே உள்ள பெயர் அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவோம். வாங்கியவர் கடைசி நாள் மாலை வந்து எடுத்துப் போவார். பொட்டு இருக்கும் படத்தை வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் வருடம் ஒரு வயதான தம்பதி ஒரு படத்தைக் கேட்டார்கள். அதில் கொடியில் தொங்கியது என் பள்ளிக்கூட நீலச் சட்டை. முழங்கையில் அக்கா தைத்த ஒட்டுகூட அப்படியே இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. “அது வித்துப்போச்சுங்க,” என்றேன். அவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். போன பிறகு ஒரு பொட்டு ஒட்டினேன், அக்கா வருமுன் எடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். அந்த வருடம் வேறு மூன்று படங்கள் விற்றன. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்கா பாடிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வருடம், சந்தைக்கு ஒரு வாரம் முன்பு, சாப்பிடும்போது சொன்னாள்.

“இந்தத் தடவை பாதி படம் போனாலும் அச்சகத்தை விட்டுடுவேன். பெரிய ஊர்ல ஒரு ரூம் பாத்திருக்கேன். மாடி. ஜன்னல் வடக்குப் பக்கம்.” பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். “நீயும் வளந்துட்டே. தனியா இருந்துக்குவேல்ல?”

“இருந்துக்குவேன்க்கா.”

பொட்டை ஒருமுறை உள்ளங்கையில் ஒட்டி எடுத்தால் பசையில் பாதி போய்விடும். பிறகு அட்டையிலிருந்து உரிக்கும்போது தடம் விழாது. இதை வீட்டிலேயே ஏழெட்டு அட்டைகளில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போனேன்.

அந்த வருடம் ஒன்றும் விற்கவில்லை. அக்கா சிரித்தாள். “எல்லாருக்கும் அவங்கவங்க வீட்டுத் துணியே போதும்போல,” என்றாள். பிறகு ஒரு வருடம் முழுக்க விடாமல் வரைந்தாள். நீலச் சட்டையோடு சேர்த்து இருபத்திரண்டு படங்கள். அவள் வரைந்ததிலேயே சிறந்தவை அவைதான். இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

மூன்றாம் வருடச் சந்தையில் முதல் நாளே மண் ஜாடிக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன தங்கச்சி, மத்தியானத்துக்குள்ள மொத்தமும் போயிடுச்சா?” அவர் அக்காவிடம் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. “வீட்டுக்குப் போற வரைக்கும் எதுவும் சொல்லிடாதீங்கண்ணே. கண்ணு பட்டுடும்னு அக்கா பயப்படுவா,” என்றேன். நல்ல மனிதர். இரண்டு நாளும் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் தன்னைக் கேலி செய்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவரோடு பேசவில்லை.

கடைசி நாள் மாலை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபத்திரண்டும் வெறுமையாக இருந்தன.

“யாராவது நின்னாச்சும் பாத்தாங்களாடி?”

“நின்னாங்கக்கா. அப்புறம் போயிட்டாங்க.”

இதில் பொய் எதுவும் இல்லை, டாக்டர். ஒவ்வொரு சொல்லாகச் சோதித்துப் பாருங்கள்.

மறுநாள் காலை படங்களை முற்றத்துக்குக் கொண்டு வந்தாள். வெள்ளையடிக்கப் போகிறேன் என்றாள். நான்தான் கடைக்குப் போய் வெள்ளை பெயின்ட் வாங்கி வந்தேன். ஓரங்களைப் பிடித்துக்கொண்டேன். கருநீலம் மறைய ஒரு பூச்சு போதாது, இரண்டு வேண்டும் என்று சொன்னதும் நான்தான். நான்கு நாள் ஆயிற்று. கடைசியாக என் நீலச் சட்டை வந்தது.

“இதை விட்டுடலாமேக்கா,” என்றேன்.

“யாருக்குடி வேணும்?”

எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவள் கை எட்டவில்லையென்று டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

அந்தக் கேள்விதான் அவள் கடைசியாகப் பேசியது. முதலில் குளிப்பதை விட்டாள், பிறகு எழுந்திருப்பதை. பதினான்கு மாதமாக அவளுக்கு நான் ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். சின்ன வயதில் அவள் எனக்குச் செய்ததைத்தான் செய்கிறேன். முதல் முறை வந்தபோது அவளுக்கு ஏமாற்றம் ஏதாவது நேர்ந்ததா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அதைத் திருத்திக்கொள்ளவும்.

போன வாரம், அவள் படத்தை விரும்பிய ஒரே ஒருவரை அழைத்துவந்து அவளிடம் அதைச் சொல்லவைத்தால் மருந்தைவிட அது வேலை செய்யலாம் என்றீர்கள். அப்படி யாரையும் தெரியாது என்றேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடம் மட்டும், பொட்டு இருந்தும் பதினேழு பேர் கேட்டார்கள். ஒரு பெண் அழுதுவிட்டார். வாங்கியவர் வேண்டாம் என்றால் கூப்பிடச் சொல்லி எல்லோரும் முகவரி எழுதிக் கொடுத்தார்கள். காகிதங்கள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. பொட்டு வைத்து அவர்களைத் திருப்பி அனுப்பியது நான்தான்.

முகவரிகளை இத்துடன் இணைக்கவில்லை. அக்கா இப்போதுதான் கொஞ்சம் அமைதியாக இருக்கிறாள். இந்த நிலையில் அவளைத் தனியாக ஒரு மாடி அறைக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. பாவம், நான் இல்லாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?