வேலியோரப் போர்வெல்

ஷூவை மட்டும் வாசலில் கழற்றிவிடுங்கள், தரை பாழாகும். இலவங்கப்பட்டை ரொட்டி இன்று காலை சுட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காவல்துறை என்பதற்காக நான் எதையும் சுருக்கப் போவதில்லை. டாலர்னாவில் குளிர்காலம் நீளம். நமக்கு நேரம் இருக்கிறது.

ஹில்டிங் எனக்குப் பக்கத்து வீடு. நல்லவன். எதையும் மலிவாக முடித்துவிட்டு, அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான்; அதுதான் அவனிடம் ஒரே குறை. இந்தத் தெருவில் முதலில் நிலவெப்பப் பம்பு வைத்தவன் அவன்தான். பாறைக்குள் போர்வெல் போட்டு, குழாய் இறக்கி, அடியில் இருக்கும் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவருகிற ஏற்பாடு. பாதி ஆழம் போதும் என்று பேரம் பேசிப் பணத்தை மிச்சம் பிடித்தான். நான் விறகு பிளக்கும்போதெல்லாம் வெறும் சட்டையோடு வேலிக்கு வந்து நிற்பான்.

“என்ன எவெர்ட், உடற்பயிற்சியா? நான் வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடக்குறேன்ப்பா. நீ அந்தக் கோடாலியக் கட்டிக்கிட்டு அழு.”

சிரிப்பேன். அக்கம்பக்கம் என்றால் அப்படித்தானே.

நான் ஓய்வுபெற்ற கொத்தனார். மூட்டு தேய்ந்து, கோடாலி தூக்க முடியாமல் போனதும் நானும் ஆளை வரச் சொன்னேன். போர்வெல்காரர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பம்பு, துளை, குழாய் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் குரோனர். என்னிடம் இருந்ததும் அவ்வளவுதான். ஆனால் அது வேலியோரம் போட்டால் வரும் கணக்கு. அங்கே பாறை மேலாகவே இருக்கிறது. கிழக்குப் பக்கம் முழுக்கக் களிமண். அங்கே பாறையைத் தொடும்வரை மண் சரியாமல் இரும்புக் கேசிங் குழாய் இறக்க வேண்டும். இன்னும் அறுபதாயிரம்.

“பக்கத்து வீட்டுத் துளை எங்க இருக்கு?” என்று கேட்டார். “கிட்டக்கிட்ட இருந்தா ஒண்ணோட சூட்ட இன்னொண்ணு உறிஞ்சிடும். இருபது மீட்டராவது தள்ளி இருக்கணும்.”

ஹில்டிங்கின் துளை வேலியை ஒட்டி, அவன் கொடிக்கம்பத்தடியில் இருந்தது. அவனோ கேனரித் தீவுகளில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். நான் அவன் வீட்டுக்கு அப்பால் இருந்த கொட்டகையைக் காட்டினேன். விரலை நீட்டியதோடு சரி. பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேலியோரமே, அவனுடையதைப் போல இருமடங்கு ஆழம் போட்டேன். கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது. மூடியின் மேல் மண் தள்ளிச் செடி வைத்தேன். அவன் திரும்பி வந்து எங்கே போட்டாய் என்று கேட்டபோது கிழக்கே கை காட்டினேன்.

முதல் குளிர்காலம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் ஹில்டிங் ஸ்வெட்டர் போட்டான். அதற்கும் அடுத்ததில் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி. மின்கட்டணமும் ஏறியது. மாலையானால் இங்கே வந்துவிடுவான், சீட்டாடுவோம். அவன் பெருமையடிக்காத மாலைகள். நாங்கள் உண்மையில் நண்பர்களானது அப்போதுதான்.

“உன் வீடு மட்டும் எப்படிடா இவ்வளவு கதகதப்பா இருக்கு?”

“ஆழமாப் போடணும் ஹில்டிங். நீதானே பேரம் பேசுனே.”

“ஆமாடா, புத்தி வந்துடுச்சு. இஞ்சினியர வரச் சொல்லப் போறேன். துளைக்குள்ள எவ்வளவு சூடுன்னு அளந்து பாக்கட்டும்.”

அளந்தால் என்ன தெரியவரும் என்று எனக்குத் தெரியும். என் துளையை மூடிவிட்டுக் களிமண்ணில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கொத்தனாரின் ஓய்வூதியம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

“அதுக்கு எதுக்குக் காச வீணாக்குறே?” என்றேன். “உன் வீட்டுல ஓடு பதிச்ச கணப்பு சும்மாதானே கிடக்கு. அதை மூட்டு.”

“புகைபோக்கி பாக்குறவரு தொடவே கூடாதுன்னுட்டாரே. உள்ளே விரிசலாம்.”

“அவரு கிடக்காரு. நான் பாக்குறேன்.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிசலில் என் கை நுழைந்தது. அவன் கட்டில் போட்டிருந்த சுவரோரம்தான் அது. வெளியே தெரிந்த விளிம்பை மட்டும் நேர்த்தியாகப் பூசிவிட்டேன்.

“புதுசு மாதிரி ஆயிடுச்சு” என்றேன்.

“நீ இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்” என்றான்.

என்னிடம் மிச்சமிருந்த பிர்ச் விறகை எல்லாம் அவனுக்கே கொடுத்தேன். “தணலானதும் புகைபோக்கித் தகட்ட மூடிட்டுப் படு. இல்லேன்னா சூடெல்லாம் மேலே போயிடும்” என்றும் சொன்னேன். புகையை மூக்கு கண்டுபிடித்துவிடும். தணலின் நச்சை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது. கொத்து வேலையில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த வாரமே போய்விட்டான். வீடு சூடாக இருந்தது. கன்னமெல்லாம் நல்ல சிவப்பு. அவன் மகள் மாய்கென் யெவ்லேயிலிருந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கடைசி வரைக்கும் அப்பாவ நீங்கதான் மாமா பாத்துக்கிட்டீங்க.”

துக்கத்தில் இருப்பவர்களைத் திருத்துவது நாகரிகமில்லை.

வீட்டை வாங்க வந்தவர்கள் அந்த இஞ்சினியரை அழைத்து வராமல் இருந்திருந்தால் நீங்களும் இந்தப் பனியில் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். ஆமாம், அவர் சொன்னது சரிதான். அவன் துளையைச் சுற்றி நிலம் உறைந்து கிடந்தது; சூட்டையெல்லாம் என் துளை உறிஞ்சியிருந்தது. விரிசலையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூட்டச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

மனசு உறுத்தவில்லையா என்று கேட்கிறீர்கள். சவப்பெட்டியை நான்தான் முன்னால் நின்று தூக்கினேன். தேவாலயத்துக்குள் என் மூச்சு புகையாக வந்தது. அடக்கம் முடிந்ததும் பெண் பாதிரியாரிடம், இங்கேயும் நிலவெப்பப் பம்பு வைக்கலாமே என்றேன்.

“செலவு தாங்காதே எவெர்ட்” என்றார்.

“கல்லறைத் தோட்டத்துல பாறை மேலாத்தான் இருக்கு. கேசிங் அதிகம் வேணாம்.”

இடம் காட்டச் சொன்னார். காட்டினேன். ஹில்டிங் படுத்திருக்கும் மூலையில் போட்டால்தான் செலவு குறைவு. ஆனால் அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனைக் குளிரில் தவிக்க விட எனக்கு மனம் வரவில்லை.