ஈ உட்காராத கருவாடு

கருவாட்டில் ஈ உட்கார்ந்தால் எனக்கு ஆகாது. கோட்டைக்குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கஸ்தூரியம்மாள் கருவாடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

வானம் மூட்டம் போட்டால் மீன் காயாது, புழு வைத்துவிடும். அதனால் உப்புத் தண்ணீரில் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கொஞ்சம் கலந்தேன். நான் ஒருத்தியா செய்கிறேன்? அதற்குப் பிறகு ஒரு ஈ கூடக் கிட்டே வரவில்லை. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

எங்கள் கரையில் ஆடுகள் கருவாடு தின்னும். பக்கத்து வீட்டு ராஜாத்தியின் சினையாடு நான் மீன் காயவைக்கிற களத்திலேயே கிடந்து, உதிர்ந்த தலையையும் தூளையும் மேயும். அது போட்ட குட்டிக்குக் கீழ்த்தாடையே இல்லை. "இன்னாக்கா இது, யார் கண்ணு பட்டுச்சோ" என்று ராஜாத்தி அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகத்தை மனசில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

அடுத்த சினைக்கு அவளுடைய இரண்டு ஆடுகளுக்கும் நானே தீனி வைத்தேன். கறுப்புக்கு மருந்து போட்ட தூள், வெள்ளைக்கு மருந்து போடாத தூள். "வயித்துல புள்ள இருக்கிறப்ப நல்லா தீனி போடணும்டி" என்றேன். ராஜாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை போட்ட குட்டி துள்ளிக் குதித்தது. கறுப்பு போட்டதை, அவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, நானே கொண்டுபோய்ப் புதைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கென்று மொட்டைமாடியில் தனியாகக் காயவைத்து டப்பாவில் எடுத்துவைத்தேன். என் மருமகள் பூவிழி அப்போது முழுகாமல் இருந்தாள். களத்துச் சரக்கு வழக்கம்போல் பொன்னேரிச் சந்தைக்குப் போனது.

ராஜாத்தியின் மகள் சந்தியாவும் அந்தச் சமயத்தில்தான் மசக்கையோடு தாய்வீட்டுக்கு வந்தாள். "பெரிம்மா, சோறே எறங்கல. உன் நெத்திலி இருந்தா ரெண்டு வாய் துன்னுவேன்" என்றாள். அதுவோ மழைக்காலம். டப்பாவில் பூவிழிக்கே அளவாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பிள்ளைத்தாய்ச்சி ஏங்கிப்போவாள், அந்தப் பாவம் எனக்கு எதற்கு? களத்துச் சரக்கில் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தேன். பிரசவம் வரைக்கும் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். நன்றாகக் கழுவி வறுக்கச் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேரன் பிறந்தான், ஒரு குறையும் இல்லை. சந்தியாவுக்குப் பெண். உதடும் மேலண்ணமும் பிளந்திருக்கின்றன. சப்பிக் குடிக்க முடியவில்லை, பாலாடையில் ஊற்றினாலும் மூக்கு வழியாக வந்துவிடுகிறது.

ஈவிரக்கம் இல்லாதவள் என்று மட்டும் என்னைச் சொல்லாதீர்கள். போன வாரம்கூட, பால் ஊறட்டும் என்று சந்தியாவுக்குச் சுறாக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டு டப்பாவிலிருந்துதான் எடுத்தேன். குழந்தை குடிக்கிற பாலில் மருந்து கலந்துவிடக் கூடாதில்லையா.